போச்சம்பள்ளியில் ஒரு கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது? வெளிப்படைத்தன்மைக்கும் பத்திரிகை சுதந்திரத்துக்கும் மாநிலச் சட்டம் ஏன் கேட்கிறார்கள்? முழு விவரம்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும், பக்கத்துச் சந்தூர் மாங்காய்க்கும் பேர் போன ஊர். இப்போது சிப்காட் தொழிற்பேட்டைக்காகவும் ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆலைக்காகவும் அடிக்கடி செய்தியில் அடிபடுகிறது. 2020 டிசம்பரில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு, 2,400 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவிக்கப்பட்ட ஆலை அது. சுமார் 500 ஏக்கர்.

இப்படி ஒரு ஊரில் வாழ்பவருக்கு சில கேள்விகள் தானாகவே வரும். சிப்காட் விரிவாக்கம் வந்தால் எந்த சர்வே எண் வரைக்கும் போகும்? ஆலைகளுக்கு அரசு கொடுக்கிற சலுகை எவ்வளவு? பாரூர் ஏரிக்கு வருகிற தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது?

மூன்றுக்கும் பதில் ஏதோ ஒரு அரசு ஃபைலில் இருக்கிறது. அந்த ஃபைல் எப்போது, யார் கைக்கு, எவ்வளவு சிரமத்தில் வரும் என்பதுதான் வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்ற விஷயமே. அதை வாங்கி வெளியே சொல்பவருக்கு என்ன ஆகும் என்பது பத்திரிகை சுதந்திரம். இரண்டும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம். 1766-ல் சுவீடன் கொண்டுவந்த சட்டம்தான் உலகின் முதல் தகவல் உரிமைச் சட்டம் என்பார்கள். அதன் பெயரே பத்திரிகை சுதந்திரச் சட்டம்.

முதலில் ஓடியது தமிழ்நாடு

பலருக்கு இது தெரியாது. இந்தியாவில் தகவல் அறியும் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. ஆண்டு 1997, கருணாநிதி முதல்வர். அதே ஆண்டு கோவா. பிறகு ராஜஸ்தான், கர்நாடகா, மகாராஷ்டிரா, டெல்லி என்று வரிசையாக வந்தன. மத்திய அரசின் இப்போதைய ஆர்டிஐ சட்டம் நடைமுறைக்கு வந்தது 2005 அக்டோபர் 12-ல்தான். அதாவது மாநிலங்கள் எட்டு வருஷம் முந்திக்கொண்டன.

இதற்கு முன்னோட்டம் ராஜஸ்தானில் நடந்தது. பஞ்சாயத்து வேலைக்குப் போன கூலிக்காரர்கள் மஸ்டர் ரோல் கணக்கைக் காட்டச் சொல்லி, 1996-ல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அந்த ஆண்டே பிரஸ் கவுன்சில் தலைவர் நீதிபதி பி.பி.சாவந்த் தலைமையில் தகவல் உரிமைக்கு ஒரு வரைவு மசோதா தயாரானது. கூலிக்காரரும் பத்திரிகை உலகமும் ஒரே சட்டத்தைக் கேட்ட காலம் அது.

ஆனால் தமிழ்நாட்டின் 1997 சட்டம் பேருக்குத்தான் முதல் சட்டம். 20-க்கும் மேற்பட்ட விலக்குகள். தகவல் தராத அதிகாரிக்கு அபராதம் கிடையாது. முதலில் வந்தும் யாருக்கும் பெரிதாகப் பயன்படாமல் போனதால்தான் இன்று அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2005 சட்டம் அப்படி இல்லை. 30 நாளில் பதில். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். காரணமே இல்லாமல் இழுத்தடித்தால் அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அதிகாரி கேட்கவும் கூடாது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே 'காரணம் சொல்ல வேண்டும்' என்று ஒரு தீர்ப்பில் எழுதி, சட்டத்திலேயே அப்படி இல்லை என்று தெரிந்ததும் சில நாளில் தானாகவே அந்த வரிகளைத் திரும்பப் பெற்றது.

அப்போ, மத்தியச் சட்டமே இருக்கே?

இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக மெலிகிறது. அதனால்தான் மாநிலச் சட்டம் என்ற பேச்சு மறுபடி எழுகிறது.

2019-ல் ஆர்டிஐ சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை தகவல் ஆணையர்களுக்கு ஐந்து வருஷப் பதவிக்காலம் சட்டத்திலேயே எழுதியிருந்தது. இப்போது மூன்று வருஷம். மாநிலத் தகவல் ஆணையர்களின் சம்பளத்தையும் பதவிக்காலத்தையும்கூட மத்திய அரசுதான் முடிவு செய்கிறது. சென்னையில் உட்கார்ந்து போச்சம்பள்ளி மனுவை விசாரிக்கும் ஆணையரின் சம்பளம் டெல்லி போடும் விதியில் இருக்கிறது.

அடுத்த அடி 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை அது மாற்றியது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் அமலுக்கு வந்தது. முன்பு, பொது நலனோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மட்டும்தான் மறுக்க முடியும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை சாதாரண மனிதருக்கும் மறுக்கக்கூடாது என்றும் எழுதியிருந்தது. இப்போது அந்த இரண்டும் இல்லை. 'தனிப்பட்ட தகவல்' என்று ஒரு வார்த்தை எழுதினால் மறுக்கலாம். வீடு கட்டும் திட்டத்தின் பயனாளி பட்டியல், ஒப்பந்ததாரர் பெயர், அதிகாரியின் சொத்துக் கணக்கு எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் பெயர் இருக்கத்தானே செய்யும்? பொது நலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் அதைத் தீர்மானிப்பது தகவலை மறுக்கிற அதே அலுவலகம்.

இந்தத் தரவுச் சட்டத்தின் பழைய வரைவுகளில் பத்திரிகைப் பணிக்கு விலக்கு இருந்தது. இறுதிச் சட்டத்தில் அது இல்லை.

நிலம்: மாநிலச் சட்டம் கதவை மூடிய கதை

போச்சம்பள்ளியின் முதல் கேள்விக்கு வருவோம். சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது 'தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்துதல் சட்டம், 1997' என்ற மாநிலச் சட்டத்தின்படி. ஆமாம், தகவல் உரிமைக்கு முதல் சட்டம் போட்ட அதே 1997.

இதில் நோட்டீஸ் உண்டு, ஆட்சேபம் சொல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் 2013-ல் வந்த மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், அதற்குப் பொது விசாரணை நடத்த வேண்டும், அறிக்கையை உள்ளூர் மொழியில் பஞ்சாயத்தில் வைக்க வேண்டும் என்றது. யார் நிலம், எத்தனை குடும்பம், வேறு இடம் இருக்கிறதா என்பதெல்லாம் முன்கூட்டியே ஊருக்குத் தெரிந்துவிடும்.

தமிழ்நாடு தன் மூன்று நிலச் சட்டங்களை இதிலிருந்து விலக்கிக்கொண்டது. அதில் இந்தத் தொழில் சட்டமும் ஒன்று. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இவை செல்லாது என்றது. அந்த மாதமே சட்டமன்றம் புது மசோதா நிறைவேற்றி, 2013-லிருந்தே செல்லும் என்று மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டது.

இந்த வழக்கில் தோற்றவர்கள் விவசாயிகள். ஆனால் மாநிலச் சட்டம் கேட்பவர்களுக்கு இதிலேயே ஒரு வலுவான வாதம் கிடைக்கிறது. மத்தியச் சட்டம் இருக்கும் விஷயத்திலும், பொதுப் பட்டியலில் இருந்தால், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலம் தனி வழி போகலாம். தகவலைக் குறைப்பதற்கு இந்த வழியில் போக முடிந்தது என்றால், கூட்டுவதற்கும் போகலாம்தானே?

சலுகை எவ்வளவு?

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கஷ்டமானது. தனியார் கம்பெனிக்கு நேரடியாக ஆர்டிஐ போட முடியாது. ஆனால் ஏதாவது ஒரு சட்டப்படி கம்பெனியிடமிருந்து அரசு கேட்டு வாங்கக்கூடிய தகவலை, அந்த அரசு அலுவலகத்திடம் கேட்கலாம். 2(எஃப்) பிரிவு இதைச் சொல்கிறது. கழிவுநீர் பரிசோதனை முடிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், விபத்து அறிக்கை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும், நில ஒதுக்கீடு சிப்காட்டிடமும் இருக்கும்.

ஒப்பந்தம், வரிச் சலுகை என்று வரும்போது 'வணிக ரகசியம்' என்ற 8(1)(டி) பிரிவு குறுக்கே நிற்கிறது. முதலீட்டுத் தொகையும் வேலைவாய்ப்பு எண்ணிக்கையும் மேடையில் அறிவிக்கப்படும். அதற்கு ஈடாக அரசு என்ன கொடுத்தது என்பது மட்டும் ரகசியம். சலுகை ஒப்பந்தங்களைக் கையெழுத்தான உடனே இணையத்தில் போட வேண்டும் என்று மாநிலச் சட்டத்தில் ஒரு வரி எழுதினால், இந்தக் கேள்விக்கு மனுவே தேவைப்படாது.

இது நடக்காத காரியம் இல்லை. டெண்டர் விஷயத்தில் தமிழ்நாடு ஏற்கெனவே செய்திருக்கிறது. 1998-லேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. கர்நாடகா அதே மாதிரி ஒன்றை 1999-ல் கொண்டுவந்தது. ராஜஸ்தான் 2019-ல் ஜன் சூச்னா என்ற இணையதளத்தில் ரேஷன், பென்ஷன், நூறு நாள் வேலைக் கணக்கை வார்டு வாரியாகப் போட ஆரம்பித்தது. மேகாலயா 2017-ல் அரசுத் திட்டங்களுக்கு சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கித் தனிச் சட்டமே போட்டது.

தமிழ்நாட்டில் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 2008-ல் லஞ்ச ஒழிப்புத் துறையை ஆர்டிஐ வரம்பிலிருந்து அரசு விலக்கியது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டம் சொல்கிறது. லஞ்ச ஒழிப்புத் துறையிடம் ஊழலைத் தவிர வேறு என்ன கேட்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

மசோதாவே ரகசியமா?

ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைத் தொழிலாளர்கள் மறக்காத ஒன்று 12 மணி நேர வேலை மசோதா. 2023 ஏப்ரல் 12-ல் சட்டமன்றத்தில் அறிமுகம், 21-ம் தேதி நிறைவேற்றம். நடுவில் ஒன்பது நாள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. 24-ம் தேதி நிறுத்திவைப்பு. மே தினத்தில் முதல்வர் ஸ்டாலின் மசோதா வாபஸ் என்று அறிவித்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகா அதே வருஷம் பிப்ரவரியில் இதேபோன்ற திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது.

மசோதா வரைவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014-ல் ஒரு கொள்கை வகுத்தது. அது சட்டம் இல்லை, மாநிலங்களைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. மாநிலச் சட்டமாக அது இருந்திருந்தால், 12 மணி நேர விவகாரத்தில் தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வரும் முன்பே தங்கள் கருத்தை எழுத்தில் கொடுத்திருக்கலாம். அரசும் நிறைவேற்றிய மசோதாவை வாபஸ் வாங்க வேண்டி வந்திருக்காது.

கேட்பவருக்கும் எழுதுபவருக்கும் என்ன பாதுகாப்பு?

ஊர் சின்னது. மனு போட்டது யார் என்று மாலைக்குள் டீக்கடை வரை தெரிந்துவிடும். கல்குவாரி, மணல், ஏரி ஆக்கிரமிப்பு போன்ற விஷயங்களில் இது உயிர்ப் பிரச்சினை. 2022 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் குவாரியை எதிர்த்தவர் வாகனம் மோதிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் சட்டவிரோத குவாரிகள் பற்றிப் புகார் கொடுத்தவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். கிரானைட் குவாரிகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. தகவல் கொடுப்பவர்களைப் பாதுகாக்க 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கே வரவில்லை.

நிருபர்கள் நிலையும் அதுதான். 2024 ஜனவரியில் பல்லடம் அருகே ஒரு டிவி நிருபர் அரிவாளால் வெட்டப்பட்டார். சிலர் பின்தொடர்கிறார்கள் என்று முன்பே போலீசுக்குப் போன் செய்திருந்தார். தாலுகா அளவில் வேலை பார்க்கும் செய்தியாளர்களில் பெரும்பாலோர் பகுதி நேரம்தான். மாதச் சம்பளமோ, கம்பெனி வக்கீலோ இருக்காது.

மகாராஷ்டிரா 2017-ல் ஊடகத்தினர் மீதான தாக்குதலுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. மூன்று ஆண்டு வரை சிறை, விசாரணையை டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி செய்ய வேண்டும். சத்தீஸ்கர் 2023-ல் ஒன்று நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் பாதுகாக்க 2008-லிருந்தே இந்த மாதிரிச் சட்டம் இருக்கிறது. பத்திரிகையாளர்களுக்கு 2021-ல் நல வாரியம் அமைக்கப்பட்டது. அது உதவித்தொகைக்கானது, பாதுகாப்புக்கானது அல்ல.

அவதூறு வழக்கு என்ற ஆயுதம்

அடிதடியைவிட அதிகம் பயன்பட்டது இதுதான். அமைச்சரையோ அரசையோ விமர்சித்துச் செய்தி போட்டால், அரசு வக்கீலே நேரடியாக செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்கு போட முடியும். செலவு அரசுக் கஜானா. ஐந்து ஆண்டுகளில் 213 அவதூறு வழக்குகள் போடப்பட்டதாக 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் கணக்கு வந்தது. ஜெயலலிதா ஆட்சிக் காலம் அது. அதில் 55 வழக்குகள் ஊடகங்கள் மீது.

2020 மே மாதம் என்.ராம், நக்கீரன் கோபால் உள்ளிட்டோர் மீதான வழக்குகளை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சாதாரண மனிதரைப்போல அரசு சட்டென்று கோபப்பட்டு வழக்கு போடக்கூடாது என்று நீதிபதி அப்துல் குத்தூஸ் சொன்னார். 2021 ஜூலையில் திமுக அரசு ஊடகங்கள் மீதான சுமார் 90 வழக்குகளை வாபஸ் பெற்றது. நல்லதுதான். ஆனால் வழக்கு போடும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து புதிய பிஎன்எஸ்எஸ் சட்டத்துக்கு அப்படியே மாறி வந்திருக்கிறது. 2024 மே மாதம் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது பாய்ந்தது குண்டர் சட்டம். அது 1982-ல் போட்ட மாநிலச் சட்டம். ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தடுப்புக்காவலை ரத்து செய்தது.

கட்சி எதுவானாலும் இந்தப் பட்டியல் நீள்கிறது. 1987-ல், எம்.ஜி.ஆர் ஆட்சியில், ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு சட்டமன்றம் மூன்று மாத சிறை விதித்தது. எதிர்ப்பு வலுத்து சில நாளில் விடுதலை. 2003 நவம்பரில் தி இந்து ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள். மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சட்டமன்ற உரிமை மீறல் என்றால் என்ன என்று எழுதிவைத்த சட்டம் இன்றுவரை இல்லை. எழுதும் அதிகாரம் சட்டமன்றத்துக்கே உண்டு.

இதே தமிழ்நாட்டு வழக்கில்தான் நாட்டுக்கே வழிகாட்டும் தீர்ப்பும் வந்தது. ஆட்டோ சங்கர் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடாமல் தடுக்க அதிகாரிகள் முயன்றபோது, 1994-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. பொது ஆவணத்தில் இருப்பதை யாரும் வெளியிடலாம். அவதூறு வரும் என்று பயந்து முன்கூட்டியே தடை போட அரசுக்கு அதிகாரம் இல்லை.

மாநிலச் சட்டம் என்றாலே நல்லதா?

இல்லை. இந்த எச்சரிக்கையும் தேவை. ஆபாசமான, இழிவான எழுத்து என்ற பெயரில் தமிழ்நாடு 1960-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 292-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1980-களின் தொடக்கத்தில் அதைக் கடுமையாக்கியது. அதைப் பார்த்து 1982-ல் பீகார் ஒரு பத்திரிகை மசோதா கொண்டுவர, நாடு முழுக்கப் பத்திரிகையாளர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு பீகார் பின்வாங்கியது. 2025-ல் கர்நாடகாவின் பொய்ச் செய்தித் தடுப்பு மசோதா வரைவு வெளியே வந்தபோது, அதில் ஏழு ஆண்டு வரை சிறை என்று இருந்தது. எது பொய்ச் செய்தி என்று முடிவு செய்பவர் யார் என்ற கேள்விதான் அங்கேயும் எழுந்தது.

சத்தீஸ்கர் சட்டத்திலும் ஒரு முள் இருக்கிறது. பத்திரிகையாளர் யார் என்று பதிவு செய்யும் வேலை அரசு அமைக்கும் அமைப்பிடம் போகிறது. பதிவு இல்லாத தாலுகா நிருபரும் யூடியூபரும் வெளியே நிற்க வேண்டிவரலாம்.

அரசியல் சட்டப்படி பத்திரிகை, அச்சகம் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. சாட்சியச் சட்டமும் அப்படியே. அதனால் செய்தி கொடுத்தவர் பெயரைச் சொல்லும்படி நிருபரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுகூட ஒரு மாநிலம் சட்டம் போட முடியும். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம் 1896-லேயே இதைச் செய்தது. இந்தியாவில் பிரஸ் கவுன்சில் விசாரணையில் மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது, நீதிமன்றத்தில் இல்லை.

தண்ணீர்க் கேள்விக்கு இன்றே மனு போட முடியுமா?

முடியும். பாரூர் ஏரிக்கு நெடுங்கல் தடுப்பணை வழியாக வருவது தென்பெண்ணைத் தண்ணீர். அந்த ஆறு கர்நாடகாவிலிருந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு நுரையோடு வருவதை டிவியில் பார்க்காதவர்கள் குறைவு. ஆர்டிஐ போட மாநில எல்லை தடையில்லை. இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். போச்சம்பள்ளிக்காரர் பெங்களூருவில் உள்ள கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கேட்கலாம்.

நடைமுறையில்தான் வித்தியாசம். இரண்டு மாநிலத்திலும் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம், கர்நாடகாவுக்குத் தபால் ஆர்டர் எடுத்து அனுப்பலாம். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரு விஷயம்தான், அதுவும் 150 வார்த்தைக்குள். எனவே நுரைக்கு ஒரு மனு, சுத்திகரிப்பு நிலையத்துக்கு இன்னொன்று.

30 நாளில் பதில் இல்லை என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். எந்த மாநில அலுவலகத்திடம் கேட்டீர்களோ அந்த மாநில ஆணையம். வீட்டு முகவரி கொடுக்கப் பயம் என்றால் தபால் பெட்டி எண் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது.